பிளஷ் வால்வு ஏன் வலுவிழக்கிறது?

பெரிய மருத்துவமனை, விமான நிலையம், திரையரங்கு, பல மாடி அலுவலகம் போன்ற இடங்களிலுள்ள கழிப்பறைகளை நீங்கள் கவனித்திருந்தால் ஒன்று புலப்பட்டிருக்கும். வீடுகளில் காண்பது போன்ற தண்ணீர்த் தொட்டி பல இடங்களில் கோப்பைக்கு மேலே இராது. சுவரிலிருந்து வரும் ஒரு தடித்த குழாயும், அதில் பொருத்திய ஒரு கைப்பிடியோ அழுத்துபொத்தானோ மட்டுமே இருக்கும். அதை ஒருமுறை அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிடலாம். நீர் சீறிக்கொண்டு பாயும். சில நொடிகளில் தானாகவே நின்றுவிடும். இதற்குத்தான் பிளஷ் வால்வு என்று பெயர்.

புதிதாகப் பொருத்தியபோது இப்படிச் சீறிய வால்வு, சில ஆண்டுகளில் பெருமூச்சு விடுவது போல ஓசையிட்டு அடங்கிவிடுவதும் நாம் காண்பதே. முதல் அழுத்தத்தில் கோப்பை சுத்தமாவதில்லை. இரண்டாம் முறை அழுத்துகிறோம். மூன்றாம் முறையும் அழுத்துகிறோம். ஒருமுறைக்கு 6 லிட்டர் போதுமென்று செய்யப்பட்ட கருவி 10 லிட்டருக்கு மேல் குடிக்கிறது. பலர் அழுத்தாமலே போய்விடுகிறார்கள். அவர்கள் விட்டுச்சென்றதை வாளியும் துடைப்பமுமாக வந்து கழுவ வேண்டியவர் அந்தக் கட்டடத்தின் துப்புரவுப் பணியாளர். ஒரு சிறிய ரப்பர் வட்டம் கெட்டதன் சுமை அவர் தலையில் விழுகிறது. கட்டடத்தின் பொறுப்பாளரோ, "வால்வு பழசாகிவிட்டது, சுவரை உடைத்துப் புதிதாக மாற்ற வேண்டும்" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். பெரும்பாலும் அதற்குத் தேவையே இல்லை. ஏன் என்பதைப் பார்ப்போம்.

தொட்டி இருக்கும்போது வால்வு எதற்கு?

தொட்டி என்பது ஒரு சேமிப்பு. மெல்லிய குழாய் வழியாக ஓரிரண்டு நிமிடங்களில் நிரம்பும் நீரை நான்கைந்து நொடிகளில் கொட்டிவிடுவது அதன் வேலை. வீட்டுக்கு இது மிகப் பொருத்தம். ஆனால் திரையரங்கில் இடைவேளை விட்டதும் வரிசையில் நிற்பவர்கள், தொட்டி நிரம்பட்டும் என்று காத்திருக்க முடியுமா? எனவே தொட்டியை நீக்கிவிட்டு, பெரிய குழாயின் நீரை நேரே கோப்பைக்குள் திறந்துவிடும் முறை தேவைப்பட்டது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1906-ஆம் ஆண்டில் வில்லியம் எல்விஸ் ஸ்லோன் என்பவர் இத்தகைய வால்வுகளுக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று பொத்தானை அழுத்தாமலே மின்கண் பார்த்துத் திறக்கும் வால்வுகள் வந்துவிட்டன. அவற்றிலும் கை செய்த வேலையை ஒரு மின்காந்தம் செய்கிறது, அவ்வளவே. தானாக மூடும் சூத்திரம் பழையதுதான்.

இங்கே கோப்பையின் இயல்பையும் அறிந்துகொள்வது நல்லது. கோப்பையின் அடியில் குழாய் வளைந்து மேலேறி, பிறகு கீழிறங்குகிறது. அந்த வளைவில் எப்போதும் நிற்கும் நீர்தான் சாக்கடைக் காற்று அறைக்குள் வராமல் தடுக்கிறது. பிளஷ் செய்யும்போது இந்த வளைவு முழுவதும் நீரால் நிறைந்துவிட்டால், பெட்ரோல் கலத்திலிருந்து ரப்பர் குழாய் வழியாகப் பெட்ரோல் இழுப்பது போன்ற உறிஞ்சல் ஏற்படுகிறது. கோப்பையிலுள்ள அனைத்தும் இழுபட்டுப் போய்விடுகின்றன. இதற்கு எவ்வளவு நீர் என்பது மட்டுமல்ல, எவ்வளவு விரைவாக என்பதே முக்கியம். ஒரு வாளி நீரை மெதுவாகக் கோப்பையில் ஊற்றிப் பாருங்கள். ஊற்ற ஊற்ற வளைவின் விளிம்பைத் தாண்டி வழிந்து போய்க்கொண்டிருக்குமே தவிர, உறிஞ்சல் ஏற்படாது. அதே நீரை ஒரே வீச்சில் கொட்டுங்கள். களக்கென்ற ஓசையோடு கோப்பை காலியாகும். உறிஞ்சலை நம்பாமல் நீரின் வேகத்தாலேயே தள்ளிவிடும் கோப்பைகளும் உண்டு. அவற்றுக்கும் விரைவு வேண்டும்.

இந்த வாளிச் சோதனையை வால்வைத் தொடுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். ஒரு வாளி நீரை விரைந்து கொட்டியபோது கோப்பை ஒழுங்காகக் காலியானால் கழிவுக்குழாய் நலமாக இருக்கிறது, குறை மேலேதான். கொட்டிய நீர் ஏறி நின்று மெல்ல இறங்கினால் அடைப்பு கீழே இருக்கிறது. வால்வின் மேல் பழி போடுவதில் பயனில்லை. கோப்பை விளிம்பின் உட்புறத்திலுள்ள சிறு துளைகளையும் ஒரு சிறு கண்ணாடியைப் பிடித்துப் பார்த்துவிடுங்கள். உப்புநீர்ப் பகுதிகளில் அவை சுண்ணாம்புப் படிவத்தால் பாதி மூடிக்கிடக்கும்.

வால்வின் உள்ளே

வால்வின் தலைப்பகுதி ஒரு சிறு கிண்ணம். அதன் நடுவே ஒரு ரப்பர் சவ்வு விரிந்திருக்கிறது. சவ்வுக்குக் கீழே குழாய் நீர். மேலே மூடிக்கும் சவ்வுக்கும் இடையே ஒரு சிற்றறை. சவ்வில் ஊசிமுனை போன்ற ஒரு துளை உண்டு. அதன் வழியாகக் கீழிருக்கும் நீர் கசிந்து மேலறையை நிரப்புகிறது. நிரம்பிய பிறகு இருபுறமும் அழுத்தம் ஒன்றே.

அழுத்தம் ஒன்றானால் சவ்வு ஏன் மூடியே இருக்கிறது? பரப்பில்தான் சூட்சுமம். கோப்பைக்குச் செல்லும் குழாயின் வாய் சவ்வின் நடுவில் அமைந்துள்ளது. அந்த வட்டத்துக்குக் கீழே நீரழுத்தம் இல்லை, வெறும் காற்றுதான். கணக்கிட்டுப் பார்ப்போம். சவ்வின் பரப்பு 28 சதுர சென்டிமீட்டர், நடுவாயின் பரப்பு 7, குழாய் நீரின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோகிராம் என்று கொள்வோம். மேலிருந்து 28 ச.செ.மீ. மீது 56 கிலோ அழுத்துகிறது. கீழிருந்து 21 ச.செ.மீ. மீது 42 கிலோ தள்ளுகிறது. எஞ்சிய 14 கிலோ எடை சவ்வை வாயின் மேல் அழுத்தி உட்கார வைக்கிறது. வில் எதுவுமின்றி, நீரே தன்னைத் தடுக்கும் கதவை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது!

நீங்கள் கைப்பிடியை அழுத்தும்போது சவ்வின் நடுவிலுள்ள ஒரு சிறு அடைப்பான் சற்றே சாய்கிறது. மேலறையின் நீர் அந்த இடைவெளி வழியாகக் கீழே ஓடிவிடுகிறது. மேலே அழுத்தம் போய்விட்டது. கீழே 42 கிலோ அப்படியே இருக்கிறது. சவ்வு துள்ளி எழும்புகிறது. குழாய் நீர் முழுதும் கோப்பைக்குப் பாய்கிறது. இதற்கிடையில் ஊசித்துளை தன் வேலையை நிறுத்துவதில்லை. சொட்டுச் சொட்டாக மேலறையை மறுபடி நிரப்பிக்கொண்டே இருக்கிறது. அறை நிரம்பியதும் சவ்வு இறங்கி வாயை மூடிவிடுகிறது.

ஆக, இந்த வால்வு நீரை அளப்பதில்லை, நேரத்தை அளக்கிறது. நாழிகை வட்டில் என்று பழங்காலத்தில் ஒரு கருவி இருந்தது. அடியில் துளையிட்ட கிண்ணம் நீரில் மிதக்கும். அது நிரம்பி மூழ்கினால் ஒரு நாழிகை. பிளஷ் வால்வு நான்கு நொடிக்கான நாழிகை வட்டில் எனலாம். நொடிக்குச் சுமார் 1.6 லிட்டர் வீதம் பாயும் நீர், நான்கு நொடியில் 6 லிட்டருக்குச் சற்று மேல் வந்துவிடும்.

துளை பெரிதானால் நீர் குறையும்

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். பிளஷ் வலுவிழந்துவிட்டது என்றதும் எல்லாருக்கும் தோன்றுவது, "எங்கோ அடைத்துக்கொண்டிருக்கிறது" என்பதே. உண்மை இதற்கு நேர்மாறாக இருப்பதே வழக்கம். ஊசித்துளை அடைத்துக்கொண்டால் மேலறை நிரம்பாது, சவ்வு இறங்காது, நீர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். துளை பெரிதானால்தான் அறை விரைவாக நிரம்பி, நீர் வேண்டிய அளவு போகும் முன்பே கதவு மூடிவிடும்.

எவ்வளவு பெரிதாக வேண்டும்? அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை 0.7 மில்லிமீட்டராக ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடியது 0.2 மி.மீ.; இரண்டு மூன்று தலைமயிரைச் சேர்த்து வைத்த பருமன். ஆனால் துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.25 என்பது 0.49 ஆகிறது, ஏறத்தாழ இரு மடங்கு. எனவே அறை பாதி நேரத்தில் நிரம்புகிறது. நான்கு நொடி இரண்டு நொடியாகிறது; 6 லிட்டர் 3 லிட்டராகிறது. கோப்பை வளைவை நிரப்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துளை எப்படிப் பெரிதாகிறது? நீரோடு வரும் நுண்மணல் அறுத்துவிடுவது உண்டு. குளோரின் கலந்த நீர் நாளடைவில் ரப்பரைக் கெடுப்பதால், சவ்வு விறைத்து, வெடித்து, வெடிப்பு வழியாகவும் நீர் ஏறுவது உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு காரணம் இருக்கிறது: ஊக்கு! நீர் நிற்காமல் ஓடுகிறது என்று புகார் வருகிறது. திறந்து பார்ப்பவர் துளையில் துரும்பு இருப்பதைக் காண்கிறார். சட்டையிலிருந்து ஊக்கை எடுத்துக் குத்தி எடுத்துவிடுகிறார். ஓட்டம் நின்றுவிட்டது, எல்லாருக்கும் மகிழ்ச்சி. அடுத்த நாளிலிருந்து பிளஷ் வலுவில்லை என்ற புகார் தொடங்குகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று யாருக்கும் தோன்றுவதில்லை. துளையை ஓடும் நீரில் பிடித்துக் கழுவலாம், ஊதிப் பார்க்கலாம். கம்பியோ ஊசியோ அதன் அருகில் போகக்கூடாது.

திறந்து பார்த்தல்

வெளியே தெரியும் வகை வால்வாக இருந்தால், அதற்குமுன் குழாயில் ஒரு நிறுத்து வால்வு இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். யாரோ எப்போதோ பழுது பார்க்க மூடியதை முக்கால்வாசி மட்டுமே திறந்துவைத்திருக்கலாம். திருப்புளியால் சிறிது சிறிதாகத் திறந்து பிளஷ் செய்து பாருங்கள். இதிலேயே குறை தீர்ந்துவிடும் கட்டடங்கள் பல.

தீராவிட்டால் நிறுத்து வால்வை முழுவதும் மூடி, கைப்பிடியை ஒருமுறை அழுத்தி, உள்ளே தேங்கிய அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு, தலைமூடியைக் கழற்றலாம். பல்லில்லாத ஸ்பானர் நல்லது. பல் பதிந்தால் குரோமியப் பூச்சு போய்விடும். சவ்வை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, புதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விறைப்பு, வெடிப்பு, அலைபோல் நெளிந்த விளிம்பு, பெரிதான துளை ஆகிய இவற்றில் ஒன்றிருந்தாலும் மாற்றிவிட வேண்டியதுதான். சவ்வும் நடு அடைப்பானும் சேர்ந்த தொகுதியாகவே கிடைக்கும். சவ்வைத் தாங்கும் வழிகாட்டிப் பகுதி தளர்ந்திருந்தாலும் நேரம் குறைந்துவிடும். அதைக் கையால் இறுக்கினால் போதும், ஸ்பானர் வேண்டாம். கைப்பிடியின் உட்பகுதி தேய்ந்திருந்தால் அடைப்பானைப் போதிய அளவு சாய்க்காது. கைப்பிடி தொளதொளவென்று ஆடுவதே அதற்கு அறிகுறி.

புதிய தொகுதி வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் சவ்வுகள் வெவ்வேறு அளவு நீருக்கானவை. அமெரிக்காவில் ஒரு முறைக்கு 3.5 காலன், அதாவது 13 லிட்டர், செலவிட்ட கோப்பைகள் முன்பு வழக்கில் இருந்தன. 1992-இல் இயற்றிய எரிசக்திச் சட்டம் புதிய கோப்பைகளுக்கு 1.6 காலன், அதாவது 6 லிட்டர் என்ற வரம்பை விதித்தது. 1990-களிலேயே அது நடைமுறைக்கு வந்தது. கோப்பையின் வடிவமும் அதற்கேற்ப மாறியது. நீரைச் சேமிக்கும் நல்லெண்ணத்தோடு 13 லிட்டர்க் கோப்பைக்கு 6 லிட்டர்த் தொகுதியைப் பொருத்தினால் சேமிப்பு ஏற்படாது. இரண்டு முறை அழுத்துவதுதான் நடக்கும். சிறுநீர்க் கோப்பைக்குரிய தொகுதியைத் தவறிப் பொருத்திவிடுவதும் நடப்பதே. இதைத் தவிர்க்கவே சில உற்பத்தியாளர்கள் உறுப்புகளுக்கு வெவ்வேறு நிறம் தருகிறார்கள்.

நம் கட்டடங்களில் பெரும்பாலும் சுவருக்குள் புதைத்த வால்வுகளே உள்ளன. அவற்றில் சவ்வுக்குப் பதிலாக ஒரு பிஸ்டன் இருக்கும். நேரத்தை அளப்பது அதிலும் ஒரு நுண்வழிதான். முகத்தகட்டைக் கழற்றினால் பிஸ்டனை முன்புறமாகவே வெளியே எடுத்துவிடலாம். நேரத்தையோ நீரளவையோ கூட்டிக் குறைக்கும் ஒரு திருகும் பலவற்றில் உண்டு. சுவரை உடைக்கும் முன் அதை ஒரு சுற்றாவது திருப்பிப் பார்ப்பது சிக்கனம்.

நீரே வராவிட்டால்?

வால்வு நலமாக இருந்தும் பிளஷ் வலுவில்லை என்றால் குறை குழாயில். கைப்பிடியால் இயங்கும் அமெரிக்க வகை வால்வுகளுக்கு, நீர் பாய்ந்துகொண்டிருக்கும்போதே சதுர அங்குலத்துக்கு 25 பவுண்டு அழுத்தமாவது வேண்டும். சில கோப்பைகளுக்கு 35. முன்னது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.75 கிலோ. பத்து மீட்டர் உயர நீர்த்தூண் ஒரு கிலோ அழுத்தம் தரும். எனவே இதற்கு மேல்நிலைத் தொட்டி பதினேழரை மீட்டர், ஏறக்குறைய ஆறு மாடி உயரத்தில் இருக்க வேண்டும்! நம் கட்டடத்தின் மேல்மாடியிலோ, தொட்டிக்கும் வால்வுக்கும் இடையே நான்கு மீட்டர் இருந்தால் அதிகம், அழுத்தம் 0.4 கிலோதான். ஒவ்வொரு மாடி இறங்கும்போதும் 0.3 கிலோ கூடும். ஒரே வால்வு தரைத்தளத்தில் சீறுவதும் மேல்தளத்தில் முனகுவதும் இதனால்தான்.

குறைந்த அழுத்தத்தை ஈடுகட்ட வழியை அகலமாக்க வேண்டும். நம் சந்தையில் 32 மி.மீ., 40 மி.மீ. என இரு அளவுகளில் வால்வுகள் விற்பதன் காரணம் இதுவே. அழுத்தம் குறைந்த இடத்துக்கு 40. ஆனால் 40 மி.மீ. வால்வுக்கு 25 மி.மீ. குழாயில் நீர் கொண்டுவருவது என்ன நியாயம்? ஒரே அளவு நீர் பாயும்போது, உராய்வால் இழக்கும் அழுத்தம் குழாயின் விட்டம் குறையக் குறைய அதன் ஐந்தாம் மடியில் ஏறுகிறது. 40-லிருந்து 25-க்கு இறங்கினால் இழப்பு பத்து மடங்கைத் தாண்டிவிடும். துருவும் உப்பும் படிந்த பழைய இரும்புக் குழாய்க்கும் இதே கணக்குதான். நீர் நிற்கும்போது அழுத்தமானியை வைத்துப் பார்த்துவிட்டு, "அழுத்தம் நன்றாகத்தானே இருக்கிறது" என்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். நிற்கும் நீரில் உராய்வே இல்லை. பிளஷ் பாயும்போது முள் எங்கே இறங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். மானி இல்லாவிட்டால், அதே குழாயிலுள்ள கைகழுவும் குழாயைத் திறந்துவைத்துவிட்டு ஒருவரை பிளஷ் செய்யச் சொல்லுங்கள். கைக்குழாயில் நீர் நூலாக மெலிந்தால் உண்மை விளங்கிவிடும்.

தொட்டிக்கு நேர் கீழேயுள்ள மாடிக்கு அழுத்தப் பம்பு வைக்காமல் பிளஷ் வால்வு பொருத்துவது வீண் என்பதே என் கருத்து. பழைய பிளஷ் தொட்டி அங்கே ஒழுங்காக வேலை செய்யும்.

தொடக்கூடாத துளைகள்

வால்வுக்குக் கீழே கோப்பைக்கு இறங்கும் குழாயின் தலைப்பில், வெளிக்காற்று உட்புகும் சில துளைகளும் அவற்றுள் ஒரு மெல்லிய ரப்பர் இதழும் உண்டு. இதழ் கெட்டால் பிளஷ் செய்யும்போதெல்லாம் அங்கிருந்து நீர் தெறிக்கும். பாயும் நீரில் ஒரு பங்கு வீணாகிறது, தரையும் நனைகிறது. உடனே நாடாவைச் சுற்றியோ சிமெண்டைப் பூசியோ துளைகளை அடைத்துவிடுகிறார்கள். இது பேராபத்து. குழாயில் திடீரென நீர் நின்று, உள்ளே வெற்றிடம் ஏற்படும்போது, அது கோப்பையிலிருந்தே நீரை மேலே உறிஞ்சக்கூடும். அப்போது காற்றை உள்ளே விட்டு உறிஞ்சலை முறிப்பதற்காகவே அந்தத் துளைகள் இருக்கின்றன. 1933-இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, இரண்டு விடுதிகளின் பழுதான குழாயமைப்பால் கழிவுநீர் குடிநீரில் கலந்து, அமீபா வயிற்றுக்கடுப்பு பரவியது. 1,400 பேருக்கு மேல் நோயுற்றனர். 98 பேர் இறந்தனர். தெறிக்கும் நீரை நிறுத்த ரப்பர் இதழை மாற்றினால் போதும்.

நாள் முழுதும் நீர் வராத நம் ஊர்களுக்குரிய ஒரு சிக்கல் இன்னும் இருக்கிறது. தொட்டி வற்றி அழுத்தம் போய்விட்டால், ஒரே குழாயிலுள்ள வால்வுகள் எல்லாம் தளர்ந்து திறந்த நிலையில் நின்றுவிடக்கூடும். நீர் திரும்பி வந்ததும் அத்தனை கோப்பைகளிலும் ஒரே நேரத்தில் வழிந்தோடும். அழுத்தம் ஏறாததால் எந்தச் சவ்வும் மூடாது. பிளஷும் வலுவாக இராது. இந்நிலையில் ஒவ்வொன்றையும் கழற்றிப் பார்க்கத் தேவையில்லை. எல்லா நிறுத்து வால்வுகளையும் மூடிவிட்டு, குழாயில் அழுத்தம் ஏறும் வரை பொறுத்திருந்து, பிறகு ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். ஒன்று ஓடி முடித்து ஓசை அடங்கிய பிறகே அடுத்ததில் கை வைக்கலாம்.